கருணைக்கொலை என்ற சொல்லும் கண்ணியமான இறப்பு என்ற உரிமையும்

2018 மார்ச் 9 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பை வழங்கியது. மீளவியலாத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர், தம் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சையை மறுக்கலாம். அந்நிலை வருமுன்னரே, அறிவுத் தெளிவோடு இருக்கும்போதே, அம்மறுப்பை எழுதி வைக்கவும் செய்யலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். தமிழ்ச் செய்தி உலகில் இத்தீர்ப்பு பெரும்பாலும் ‘கருணைக்கொலைக்கு அனுமதி’ என்றே அறிமுகமானது. ஆனால் எவரும் எவரையும் கொல்வதற்கு அத்தீர்ப்பு இடம் தரவில்லை. அதை வெளிப்படையாகவே மறுத்தது.

இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. கருணைக்கொலை என்ற சொல்லில் கருணை கொள்பவரும் கொல்பவரும் ஒருவரே. சாகிறவர் அங்கே வெறும் செயப்படுபொருள். இந்தியில் வழங்கும் ‘இச்சா மிருத்யு’ என்ற சொல்லில் இச்சை சாகிறவருடையது. பீஷ்மர் பெற்ற வரத்தின் நினைவு அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் மூலமாகக் கொள்ளப்படும் ‘யூதனேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘நல்ல சாவு’ என்பதே பொருள். அது யாருடைய செயல் என்பதைப் பற்றி அச்சொல் வாய் திறப்பதில்லை. 1605இல் பிரான்சிஸ் பேக்கன் அதை மருத்துவனின் கடமைகளுள் ஒன்றாகக் குறித்தபோதும், வலி தணித்து எளிதாக விடைபெறச் செய்வதையே கருதினார்.

இறப்பில் எழுவாய் யார்? நோயாளியா, மருத்துவரா, குடும்பமா, நீதிமன்றமா? இந்தியாவில் வாழ்வின் இறுதிக் கட்டத் தேர்வு குறித்த சட்ட வரலாற்றை இந்த ஒரு வினாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

1. சட்டத்துக்கு முந்தைய சொற்கள்

இறப்பைத் தானே எதிர்கொள்ளுதல் என்பதற்கு இந்திய மரபில் பல பெயர்கள் உண்டு. மக்களோடு முரண்பட்ட கோப்பெருஞ்சோழன் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர்விட்டதையும், பிசிராந்தையார் வந்து அவனோடு சேர்ந்ததையும் புறநானூறு வழியாகத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் தொன்மையான வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று அக்கல்வெட்டு பதிவுசெய்கிறது. அந்த நினைவிடத்துக்கு ‘நிசீதிகை’ என்று பெயர். வடக்கிருத்தல், நோற்றல் ஆகிய வினைகளின் எழுவாய் இறப்பவரே. பிறர் சாட்சிகள் மட்டுமே.

அதே தமிழ் நிலத்தில் இன்னொரு சொல்லும் வழங்கியது. தென் மாவட்டங்கள் சிலவற்றில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், படுக்கையில் விழுந்த முதியவருக்கு விடியலில் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் பருகக் கொடுத்து இறப்பை விரைவுபடுத்தும் வழக்கத்துக்குத் ‘தலைக்கூத்தல்’ என்று பெயர். தலைக்கு ஊற்றுதல் என்பதன் மரூஉ அது. 2010 வாக்கில் இது தேசியச் செய்தியாயிற்று. பின்னர் ‘பாரம்’ என்ற தமிழ்த் திரைப்படம் இதையே பொருளாகக் கொண்டு தேசிய விருது பெற்றது. இச்சொல்லில் ஊற்றுபவர்கள் குடும்பத்தார், ஊற்றப்படுபவர் முதியவர். அவருடைய இசைவு கேட்கப்பட்டதா என்பதை அச்சொல் சொல்வதில்லை. பல வேளைகளில் கேட்கப்படவில்லை என்பதே அதன் கொடுமை.

வடக்கிருத்தலும் தலைக்கூத்தலும் உடலளவில் ஒரே முடிவுக்கு இட்டுச்செல்பவை. அறத்தளவில் ஒன்று மற்றதற்கு நேர் எதிரானது. முடிவைக் கொண்டு மட்டும் இவற்றை எடைபோட முடியாது. முடிவெடுத்தவர் யார் என்பதே வேறுபாட்டை உண்டாக்குகிறது. நவீன சட்டம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

2. 1860: உயிர் அரசின் பொறுப்பில்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். 306ஆம் பிரிவு தற்கொலைக்குத் துணைபோவோருக்குப் பத்தாண்டு வரை தண்டனை வைத்தது. ‘தற்கொலை’ என்ற தமிழாக்கமே கொல்பவனையும் கொல்லப்படுபவனையும் ஒருவனுக்குள் வைக்கும் குற்றவியல் பார்வையைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும் அதே சட்டத்துக்குள் அதிகம் பேசப்படாத ஒரு விதிவிலக்கு உண்டு. கொலையை வரையறுக்கும் 300ஆம் பிரிவின் ஐந்தாம் விதிவிலக்கின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் தம் இசைவோடு இறப்புக்கு உட்படுவாராயின், அதை நிகழ்த்தியவர் செய்தது கொலை ஆகாது. கொலையாகாத மரணம் விளைவித்தலே ஆகும். மெக்காலேயின் 1837ஆம் ஆண்டு வரைவிலேயே இசைவோடு நிகழும் உயிர்ப்போக்கல் தனி வகையாக வைக்கப்பட்டிருந்தது. தண்டனையைக் குறைக்கும் அளவுக்கேனும் இசைவுக்கு மதிப்புண்டு என்று காலனியச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்தது என்பது கவனத்துக்குரியது.

சட்டப் புத்தகத்துக்கு வெளியே இவ்விவாதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் காந்தி. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயுற்றுத் துடித்த கன்றுக்குட்டி ஒன்றைக் காப்பாற்ற வழியில்லை என்று கண்டபின், மருத்துவரைக் கொண்டு ஊசி போட்டு அதன் உயிரைப் போக்கச் செய்தார். அகிம்சையின் பெயரால் நாடெங்கும் கண்டனம் எழுந்தது. தம் இதழ்களில் அவர் விரிவாக மறுமொழி எழுதினார். மனிதருக்கும் இதே நெறி பொருந்துமா என்ற வினாவுக்குக் கொள்கையளவில் பொருந்தும் என்றே கூறினார். ஆனால் நடைமுறையில் நாம் அவ்வாறு செய்யாதிருப்பதற்கு இரு காரணங்களைச் சுட்டினார்: நோயுற்ற உறவினருக்கு உதவ நம்மிடம் பெரும்பாலும் ஏதேனும் வழி இருக்கிறது, மேலும் தமக்கு வேண்டியதைத் தாமே எண்ணித் தீர்மானிக்கும் ஆற்றல் அவர்களுக்கு இருக்கிறது. பின்னாளில் நீதிமன்றங்கள் பல நூறு பக்கங்களில் சுற்றிவந்த இரண்டு கேள்விகள், அதாவது வலிதணிப்புக்கு வழி உண்டா, நோயாளியின் முடிவு என்ன என்பவை, அந்த மறுமொழியிலேயே இருக்கின்றன.

1982 நவம்பரில் வினோபா பாவே, பவனார் ஆசிரமத்தில் உணவையும் மருந்தையும் மறுத்து உயிர்நீத்தார். 309ஆம் பிரிவு அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது. நாடே தலைவணங்கி நின்றது. ஆனால் வறுமையாலோ மனநோயாலோ சாக முயன்று பிழைத்த எளியவர்கள் அதே பிரிவின் கீழ்க் காவல் நிலையம் ஏறிக்கொண்டிருந்தார்கள். 1971இல் சட்ட ஆணையம் தன் 42ஆம் அறிக்கையில் இப்பிரிவை நீக்கப் பரிந்துரைத்திருந்தது. அதற்கான திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை கலைக்கப்பட்டதால் காலாவதியாயிற்று.

3. எதிர்மறையின் எல்லை: 1986 முதல் 1996 வரை

1986இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மனநலம் குன்றிய ஒரு காவலரின் வழக்கில், 309ஆம் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1994 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பி. ரத்தினம் வழக்கில், அதே முடிவுக்கு வந்தது. இரு தீர்ப்புகளிலும் இழையோடிய வாதம் மொழியியல் மாணவருக்குச் சுவையானது. பேச்சுரிமையில் பேசாதிருக்கும் உரிமை அடங்கும். சங்கம் அமைக்கும் உரிமையில் சேராதிருக்கும் உரிமை அடங்கும். எனவே, வாழும் உரிமையில் வாழாதிருக்கும் உரிமையும் அடங்கும். ஓர் உடன்பாட்டு உரிமைக்குள் அதன் எதிர்மறை உறைந்திருக்கிறது என்பதே வாதம்.

1996 மார்ச் 21 அன்று கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தள்ளுபடி செய்தது. மருமகளின் தற்கொலைக்குத் துணைபோனதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு தம்பதியர் தொடுத்த மேல்முறையீடு அது. தற்கொலையே குற்றமில்லை என்றால் அதற்குத் துணைபோவது எப்படிக் குற்றமாகும் என்று அவர்கள் கேட்டார்கள். நீதிபதி ஜே.எஸ். வர்மா எழுதிய தீர்ப்பு, ரத்தினம் வழக்கின் எதிர்மறை வாதத்தை அதன் இலக்கணத்திலேயே மறுத்தது. பேசாதிருப்பதற்கு ஒருவர் எதையும் செய்ய வேண்டியதில்லை. உயிரை மாய்த்துக்கொள்வதற்கோ வெளிப்படையான ஒரு செயல் தேவை. ஆகவே முன்னது உரிமையின் மறுபக்கம். பின்னது அவ்வாறு ஆகாது. வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது.

வழக்கின் பின்னணியை மறந்துவிடக் கூடாது. புகுந்த வீட்டில் ஒரு பெண் இறந்திருக்கிறாள். அவள் சாவுக்குக் காரணமானவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ‘சாகும் உரிமை’யைத் தங்களுக்குக் கேடயமாக்கப் பார்க்கிறார்கள். இந்தியச் சூழலில் அந்த உரிமையைப் பேசும்போது நீதிபதிகள் ஏன் தயங்கினார்கள் என்பதை இப்பின்னணி விளக்குகிறது.

ஆனால் கியான் கௌர் தீர்ப்பு ஒரு கதவை மூடும்போதே இன்னொன்றைச் சற்றே திறந்துவைத்தது. கண்ணியத்தோடு வாழும் உரிமை இயற்கையான முடிவு வரை நீள்வது. ஆகவே, தொடங்கிவிட்ட இறப்பின் போக்கில் கண்ணியமும் அவ்வுரிமைக்குள் அடங்கும் என்று அது கூறியது. செயலுக்கும் செயலின்மைக்கும் இடையே அது இட்ட கோடு, பிற்காலத்தில் சிகிச்சை மறுப்புக்கு அடித்தளமானது. சிகிச்சையை ஏற்காதிருத்தல், பேசாதிருத்தலைப் போலவே, ஒரு செய்யாமை அன்றோ?

4. பேசிய நோயாளி, பேச இயலாத நோயாளி

2004 டிசம்பரில் ஐதராபாத் மருத்துவமனை ஒன்றில் தசைச்சிதைவு நோயின் இறுதிக் கட்டத்தில் 25 வயது சதுரங்க வீரர் ஒருவர் கிடந்தார். தம் உறுப்புகள் பழுதாகும் முன் அவற்றைப் பிறருக்குத் தர வேண்டும், அதற்காகத் தம் உயிர் முடிய அனுமதிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் பொருட்டு அவருடைய தாயே ஆந்திர உயர் நீதிமன்றத்தை அணுகினார். சட்டத்தில் இடமில்லை என்று கோரிக்கை மறுக்கப்பட்டது. சில நாட்களில் அவர் இறந்தார். தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடியவராக அவர் இருந்தார். அவ்விருப்பத்தைக் கேட்பதற்குரிய சட்ட வடிவம் அன்று நாட்டில் இல்லை.

இந்தியச் சட்டம் உருவாக நேர்ந்தது, தம் விருப்பத்தை ஒருபோதும் சொல்ல இயலாத ஒருவரின் வழக்கில். கர்நாடகத்தின் ஹல்திபூரைச் சேர்ந்த அருணா ஷான்பாக், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர் ஒருவன், நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி அவரைத் தாக்கினான். மூளைக்குக் குருதியோட்டம் தடைப்பட்டு, மீளாத உணர்விழந்த நிலைக்கு அவர் போனார். தாக்கியவன் கொள்ளை, கொலை முயற்சி ஆகியவற்றுக்காக மட்டும் ஏழாண்டு தண்டனை பெற்று வெளியேறினான். அருணா அதே மருத்துவமனையின் படுக்கையில் ஏறத்தாழ 42 ஆண்டுகள் இருந்தார்.

அவர் கதையை நூலாக எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, அவருடைய ‘நெருங்கிய நண்பர்’ என்ற நிலையில், உணவூட்டலை நிறுத்த அனுமதி கோரி 2009இல் உச்ச நீதிமன்றம் சென்றார். மருத்துவமனைச் செவிலியர்களும் மருத்துவர்களும் எதிர்த்து நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி, குழைத்த உணவு ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அருணாவுக்காகப் பேசும் தகுதி யாருக்கு என்பதே வழக்கின் மையமாயிற்று. 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு, அத்தகுதி கே.இ.எம். பணியாளர்களுக்கே உரியது என்று கூறி விரானியின் மனுவை நிராகரித்தது.

மனுவை நிராகரித்த அதே தீர்ப்புதான் நாட்டில் முதன்முறையாகச் செயலற்ற முறையிலான கருணைக்கொலைக்கு வழிவகுத்தது. பாராளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, நெருங்கிய உறவினரோ நண்பரோ மருத்துவரோ எடுக்கும் முடிவுக்கு உயர் நீதிமன்றம் மூன்று மருத்துவர்களின் கருத்தைக் கேட்டு ஒப்புதல் தரலாம் என்று அது விதித்தது. அருணாவை அந்த நிலைக்குத் தள்ளியவன் ஓர் ஆண், அவர் பொருட்டுப் பேசியவர்கள் இரு தரப்பு, தீர்ப்பளித்தவர்கள் இருவர். அருணாவின் சொல் மட்டும் அந்த வழக்கில் எங்கும் இல்லை. 2015 மே 18 அன்று நிமோனியாவால் அவர் இறந்தார்.

5. எழுதி வைக்கும் உரிமை

பேச இயலாமல் போகுமுன் சொல்லி வைத்துவிடலாமே என்ற எண்ணம் புதிதன்று. 1969இல் சிகாகோ வழக்கறிஞர் லூயிஸ் குட்னர் ‘லிவிங் வில்’ என்ற கருத்தை ஒரு சட்ட இதழில் முன்வைத்தார்; 1976இல் கலிபோர்னியா அதைச் சட்டமாக்கியது. சாதாரண உயில் எழுதியவர் இறந்தபின் உயிர்பெறுகிறது. இவ்வுயில் எழுதியவர் உயிரோடிருக்கும்போதே, ஆனால் பேச இயலாதபோது, பேசுகிறது.

இந்தியாவில் இதற்கு எதிர்ப்பு வந்த திசை வியப்புக்குரியது. 2006இல் சட்ட ஆணையத்தின் 196ஆம் அறிக்கை, மருத்துவர்களுக்குப் பாதுகாப்பளித்துச் சிகிச்சை விலக்கலை அனுமதிக்கும் சட்டவரைவு ஒன்றை முன்மொழிந்தது. தகுதியுள்ள நோயாளி சிகிச்சையை மறுப்பதை அது ஏற்றது. ஆனால் முன்கூட்டி எழுதி வைக்கும் அறிவுறுத்தல் எதுவும் செல்லாது என்று அதே வரைவு திட்டவட்டமாகக் கூறியது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதாவிலும் அந்தத் தடை நீடித்தது. ஆவணத்தை யார், எந்த நெருக்கடியில் எழுதச் செய்வார்கள் என்ற அச்சம் அதன் பின்னே இருந்தது. சொத்துக்காகக் கைரேகை பிடுங்கப்பட்ட கதைகள் நிறைந்த நாட்டில் அது வெற்று அச்சமும் அன்று.

மறுபுறம் ‘காமன் காஸ்’ என்ற பொதுநல அமைப்பு 2005 முதலே உச்ச நீதிமன்றத்தில் காத்திருந்தது. 2014 பிப்ரவரியில், தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான மூவர் அமர்வு, அருணா வழக்கின் தீர்ப்பு கியான் கௌர் தீர்ப்பைச் சரியாகப் படிக்கவில்லை என்று கண்டது. இங்கிலாந்தின் பிளாண்ட் வழக்கை கியான் கௌர் எடுத்துக்காட்ட மட்டுமே செய்தது, ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அதன் வாதம். எடுத்துரைத்தலுக்கும் உடன்படுதலுக்கும் உள்ள வேறுபாட்டின் பேரில் வழக்கு ஐவர் அமர்வுக்குச் சென்றது.

இதற்கிடையே இரண்டு நிகழ்வுகள் நிலத்தைப் பண்படுத்தின. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி தமக்கு எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க உரிமை தந்தது; தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகக் கருதப்பட்டுத் தண்டனையிலிருந்து காக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தரங்க உரிமையை ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக நிலைநாட்டினார்கள்; உயிர்நீட்டிப்புச் சிகிச்சையை மறுப்பதும் அந்த உரிமையின் வட்டத்துக்குள் வரும் என்று நீதிபதி செலமேஸ்வர் தம் தீர்ப்பில் சுட்டினார்.

2018இன் காமன் காஸ் தீர்ப்பில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தம் சார்பிலும் ஏ.எம். கான்வில்கர் சார்பிலும் எழுதினார். ஏ.கே. சிக்ரி, டி.ஒய். சந்திரசூட், அசோக் பூஷண் ஆகியோர் தனித்தனியே எழுதி உடன்பட்டனர். உணர்வுத் தெளிவுள்ள வயதுவந்தவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம். அம்மறுப்பு தற்கொலை ஆகாது. அதை மதிக்கும் மருத்துவர் குற்றவாளி ஆகார். மரணத்தை நேரடியாக விளைவிக்கும் ஊசியோ மருந்தோ கொடுப்பது முன்போலவே குற்றம்.

6. உரிமையும் அதைச் சுற்றிய வேலியும்

உரிமையைத் தந்த கை அதைச் சுற்றி உயரமான வேலியையும் எழுப்பியது. ஆவணத்தில் இரண்டு சாட்சிகளோடு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் கையொப்பமும் வேண்டும். செயல்படுத்தும் வேளையில் மருத்துவமனை ஒரு குழு அமைக்க வேண்டும். அதன் வல்லுநர்களுக்கு 20 ஆண்டு அனுபவம் வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் இன்னொரு குழு அமைக்க வேண்டும். இறுதியாக நடுவர் நேரில் வந்து நோயாளியைப் பார்த்து அனுமதிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்கில் நகரும் வாழ்வை அலுவலகக் கோப்பு பின்தொடர்ந்து பிடிக்க இயலவில்லை. உரிமை ஏட்டில் இருந்தது. அதைப் பயன்படுத்தியோர் அரிதினும் அரிது.

இந்திய தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் முறையிட்டதன் பேரில், 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐவர் அமர்வு வேலியைத் தாழ்த்தியது. நடுவருக்குப் பதில் நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றொப்பமிடலாம். குழு உறுப்பினருக்கு ஐந்தாண்டு அனுபவம் போதும். இரண்டு குழுக்களையும் மருத்துவமனையே அமைக்கலாம். இரண்டாவது குழுவில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்க வேண்டும். நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். 2025 ஜனவரியில் கர்நாடக அரசு இதை நடைமுறைப்படுத்தும் ஆணையை வெளியிட்டது.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துவதற்காகச் செய்யும் தற்கொலை முயற்சி மட்டும் 226ஆம் பிரிவில் எஞ்சியிருக்கிறது. தற்கொலைக்குத் துணைபோதல் 108ஆம் பிரிவில் முன்போலவே குற்றமாகத் தொடர்கிறது. நெதர்லாந்தில் 2002 முதலும், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதலும், கனடாவில் 2016 முதலும் நோயாளியின் வேண்டுகோளின் பேரில் மருத்துவர் இறப்புக்கு உதவச் சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் அதைச் செய்யும் மருத்துவர் இன்றும் இந்த 108ஆம் பிரிவையோ, அதற்கும் கடுமையானதையோ எதிர்கொள்வார். பாராளுமன்றம் சட்டம் இயற்றட்டும் என்று நீதிமன்றம் 2011இலும் சொன்னது, 2018இலும் சொன்னது.

7. தேர்வு என்பது எப்போது தேர்வு?

இன்றைய சட்டத்தில் ஒரு முரண் இருக்கிறது. வென்டிலேட்டர் பொருத்தப்பட்டவருக்கு அதை விலக்கச் சொல்லும் உரிமை உண்டு. எந்தக் கருவியும் இல்லாமல், முழு அறிவோடு, எலும்பில் பரவிய புற்றுநோயின் வலியைத் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு விலக்கச் சொல்ல ஏதுமில்லை. செயலுக்கும் செயலின்மைக்கும் இடையே 1996இல் இட்ட கோடு, துன்பத்தின் அளவைப் பார்ப்பதில்லை. அருகில் கருவி இருக்கிறதா என்பதையே பார்க்கிறது. இறக்க உதவுவதைச் சட்டமாக்க வேண்டும் என்போரின் வலுவான வாதம் இதுவே.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதன்று. இந்தியாவில் மருத்துவச் செலவின் கணிசமான பகுதியைக் குடும்பமே கையிலிருந்து செலுத்துகிறது. பணம் தீர்ந்தபின், மருத்துவர் அறிவுரையை மீறி அழைத்துச் செல்வதாகக் கையெழுத்திட்டு, ஆம்புலன்சில் வீடு சேர்வதற்குள் உயிர் பிரிவது அன்றாடக் காட்சி. அதற்கு எந்தக் குழுவும் கூடியதில்லை. எந்த நோட்டரியும் சான்றளித்ததில்லை. அங்கே சிகிச்சையை நிறுத்தியது நோயாளியின் விருப்பமன்று, பில் தொகை. மாற்றுத் திறனாளிகளும் துணையற்ற முதியோரும் ‘நான் சுமையாக இருக்கிறேன்’ என்று எண்ணிக்கொள்ளும்படி சமூகம் நடந்துகொள்ளும்போது, அவர்கள் வாயிலிருந்து வரும் ‘போதும்’ என்ற சொல் யாருடைய சொல்? தலைக்கூத்தலை மறக்காத சமூகம் இக்கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இவ்விரு வாதங்களுக்கும் நடுவே, ஏறத்தாழ எல்லோரும் உடன்படும் ஒரு களம் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது: வலிதணிப்பு மருத்துவம். 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கொண்டுவந்த உரிமங்களும் கெடுபிடிகளும், மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே அஞ்சும்படி செய்தன. அபினி விளையும் நாட்டில் புற்றுநோயாளி வலியில் கதறினார். எம்.ஆர். ராஜகோபால் முதலிய மருத்துவர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. 2008இலேயே தனக்கெனக் கொள்கை வகுத்து, தன்னார்வலர்களைக் கொண்டு வீட்டுவாசல் வரை அப்பராமரிப்பைக் கொண்டுசென்ற கேரளம் முன்மாதிரி. பிற மாநிலங்கள் பல இன்னும் வெகு தொலைவில் உள்ளன. வலி தணியக்கூடும் என்பதையே அறியாத ஒருவர் சாவைக் கேட்டால், அவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்று கூற முடியாது. அவர் முன் ஒன்றுதான் வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே, நோயாளியின் தேர்வைப் பேசும் சட்டம் மூன்று அடுக்குகளில் அமைய வேண்டும். முதலில் வலிதணிப்பு மருத்துவம் எட்டாத மாவட்டம் இல்லை என்ற நிலை. அடுத்து, இன்று தீர்ப்பின் வடிவில் மட்டும் நிற்கும் சிகிச்சை மறுப்பு உரிமையும் முன்கூட்டிய அறிவுறுத்தலும் பாராளுமன்றத்தின் சட்டமாதல். இவ்விரண்டும் ஊன்றிய பின், முழு அறிவோடு, மீண்டும் மீண்டும், பிறர் தூண்டுதலின்றிக் கேட்கும் நோயாளிக்கு இறக்க உதவலாமா என்ற மூன்றாம் கேள்வியை நேர்மையாக எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவதை மட்டும் இறக்குமதி செய்தால் அது வசதியுள்ளவருக்கு உரிமையாகவும் இல்லாதவருக்கு வெளியேற்றமாகவும் முடியும். முதல் இரண்டையும் காரணம் காட்டி மூன்றாவதை என்றென்றைக்கும் ஒத்திப்போட்டால், 2004இல் ஐதராபாத்தில் தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொன்ன இளைஞருக்கு அளித்த அதே மறுமொழியையே இன்னும் பலருக்கும் அளிக்க நேரும்.

சொல் விஷயத்திலும் ஒரு தெளிவு தேவை. சிகிச்சை மறுப்பு, சிகிச்சை விலக்கல், இறக்க உதவுதல், கருணைக்கொலை ஆகிய நான்கும் நான்கு வேறு பொருள்கள். முதல் சொல்லின் எழுவாய் நோயாளி. இரண்டாவதன் எழுவாய் மருத்துவர். மூன்றாவதில் இருவரும் உள்ளனர். நான்காவதில் நோயாளிக்கு இடமே இல்லை. நான்கையும் ஒரே பெயரில் அழைக்கும் வரை, தந்தையின் படுக்கையருகே நின்று ‘இனி வென்டிலேட்டர் வேண்டாம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்’ என்று சொல்லும் மகள், தான் ஒரு கொலைக்கு உடன்படுகிறோமோ என்று நடுங்கிக்கொண்டேதான் நிற்பாள். சட்டம் அவளைக் குற்றமற்றவள் என்று 2018இலேயே சொல்லிவிட்டது. மொழி இன்னும் சொல்லவில்லை.